மூன்றாம் நம்பர் பாட்டில்

லேப் அக்கா கழுவிய கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் குவளை தெரியாது, பிடித்த கை மட்டும்தான் தெரியும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் பதினாறு வருஷமாக அதையே கேட்டுக் கேட்டு அவளும் நம்பிவிட்டாள்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் மட்டும் எழுத்தெல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். கூட்டிப் பெருக்கத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். இரண்டாவது மாடி மூலையில் இருக்கும் அறிவியல் கூடத்தைப் பெருக்கப் போனவள், அங்கே அழுக்கேறிக் கிடந்த சீசாக்களைப் பார்த்து மனசு பொறுக்காமல் ஒரு நாள் முழுக்க நின்று கழுவி அடுக்கிவிட்டாள். மறுநாள் முதல் அந்த அறை அவளுடையதாகிவிட்டது. பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அவளைவிட இரண்டு வயது பெரிய தலைமையாசிரியைகூட லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

காலையில் வந்ததும் ஜன்னல்களைத் திறப்பாள். கழுவுதொட்டி முன்னால் நின்று ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாள். இன்றைக்கு எந்தப் பிள்ளை கையிலும் கண்ணாடி குத்தக் கூடாது, ஆண்டவனே. அவ்வளவுதான் வேண்டுதல். அதற்கப்புறம்தான் குழாயைத் திருகுவாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். சொல்லுக்குச் சொல் கிண்டல் பேசுகிற மனிதர். "உன்னைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என் காக்கிச் சட்டையைப் பார்த்து செக்கிங் இன்ஸ்பெக்டரே பொறாமைப்படறாரு. சட்டைக்கு மட்டும்தான் வெளுப்பு, உள்ள இருக்கறவன் அப்படியே இருக்கேன்" என்பார். அவள் சிரிக்க மாட்டாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாக வந்த சயின்ஸ் சார், ஓடைக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார். ஊர் நடுவே போகிற ஓடைதான். மேட்டில் பெய்கிற மழை, தெருவில் ஓடுகிற தண்ணீர், தோட்டத்துத் தண்ணீர் எல்லாம் சரிந்து சரிந்து கடைசியில் அதில்தான் வந்து சேரும். அதன் நலத்தைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை குழு ஓடையில் இறங்கும். நான்கு இடங்கள். பாலத்துக்கு மேலே ஒன்று, மர மில்லுக்குப் பின்னால் இரண்டு, லாண்டரிக்குக் கீழே மூன்று, ஓடை ஆற்றில் சேருகிற இடத்தில் நான்கு. இடத்துக்கு ஒரு பாட்டில், பாட்டில் கழுத்தில் ஒரு நிற நூல். மூன்றுக்கு மஞ்சள்.

கொண்டுவந்த பாட்டிலை மூடியோடு குலுக்கி, கொஞ்சம் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அதில் ஒரு பொட்டலம் பொடியைக் கொட்டுவார்கள். நிறம் மாறாவிட்டால் நல்ல தண்ணீர். நீலமானால் அதில் பாஸ்பேட் இருக்கிறது. சோப்புத்தூளிலும் உரத்திலும் இருப்பது அது. ஓடையில் கூடிப்போனால் பாசி மண்டி மீனுக்கு மூச்சு முட்டும். எத்தனை நீலமோ அத்தனை கெடுதல்.

குழுவுக்குத் தலைவி பதினோராம் வகுப்புப் பெண். எதைக் கேட்டாலும் யோசித்துத் தீர்ப்பு மாதிரி சொல்வதால் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். குழுவிலேயே சின்னவள் ஒரு ஆறாம் வகுப்புக்காரி. ஓடைக் கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை எண்ணி எழுதுவது அவள் வேலை. நல்ல தண்ணீரில் மட்டும் இருக்கும் பூச்சி என்று சில உண்டாம். அவளைப் பூச்சி என்றே கூப்பிட்டார்கள், அவளும் அதற்குப் பெருமைப்பட்டாள்.

இந்தப் பாட்டில்களைக் கழுவும் பொறுப்பு அக்காவிடம் வந்தபோது, சார் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார். "ஓடை பாட்டில்களுக்குச் சோப்பு கூடாது. வெறும் தண்ணீர் மட்டும்."

அக்கா அதைப் படித்தாள். யாரும் இல்லாத நேரத்தில், ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியேதான் செய்தாள். மழைக்காலம் வந்தபோதுதான் வினை வந்தது. லாண்டரிக்குக் கீழே கரை முழுக்கச் செம்மண். மழை விழுந்ததும் அந்த மூன்றாம் நம்பர் பாட்டில் உள்ளே சிவப்பு படிந்து, எத்தனை தண்ணீர் விட்டு அலசினாலும் போகாமல் நின்றது. மற்ற மூன்றும் பளிச்சென்று இருக்க, இது மட்டும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி. நாளைக்குப் பிள்ளைகள் எடுக்கும்போது என்ன நினைப்பார்கள்? லேப் அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்க மாட்டார்களா?

அந்தத் தாளை அவள் இன்னொரு தடவை பார்த்தாள். நுரையோடு அப்படியே கவிழ்த்து வைத்துவிடுகிற பிள்ளைகளுக்காக எழுதியது அது, நமக்கில்லை என்று தோன்றியது. நான் கழுவுகிற பாத்திரத்தில் சோப்பு நிற்குமா? சோப்புத்தூள் கரைசலில் பாட்டிலையும் மூடியையும் ஊறப்போட்டாள். பிரஷ் விட்டுத் தேய்த்தாள். மூன்று தண்ணீர் அலசினாள். சிவப்பு போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் மூன்றாம் நம்பருக்கு மட்டும் அந்தத் தனி உபசாரம்.

அதற்கப்புறம் மூன்று மாதம், ஆறு வெள்ளிக்கிழமை, மூன்றாம் நம்பர் மட்டும் நீலம். வெளிறிய நீலம் இல்லை, பேனா மை நீலம்.

"சார், லாண்டரிதான் சார். மேல ரெண்டு இடத்துலயும் ஒண்ணுமில்ல. அங்க வந்ததும் ஏறுது. நாலுல ஆத்துத் தண்ணி கலந்து நீர்த்துப்போயிடுது" என்றாள் ஜட்ஜம்மா.

பூச்சி கையைத் தூக்கினாள். "ஆனா அங்க பூச்சி நல்லா இருக்கே. கல்லுக்குக் கல்லு இருக்கு."

"நீ எண்ணினது தப்பா இருக்கும். பாட்டில் என்ன சொல்லுதோ அதை எழுது" என்று ஜட்ஜம்மா முடித்துவிட்டாள்.

பூச்சி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினாள்.

லாண்டரிக்காரரை அக்கா அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவாள். ரத்த உறவு இல்லை, இருபது வருஷப் பழக்கம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் அவர்களுக்குப் பிழைப்பு. இரண்டு பெண்கள் வேலைக்கு. வாரா வாரம் வழிபாட்டுக்கு அண்ணியும் அக்காவும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். அண்ணன் இப்படிச் செய்வாரா என்று அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டில் பொய் சொல்லுமா?

குழு ஒரு நோட்டீஸ் அச்சடித்தது. ஓடையின் படம், நான்கு புள்ளிகள், மூன்றாவது மட்டும் சிவப்பு, பக்கத்தில் 'லாண்டரி'. மூன்று தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஒரு பிரதி நகராட்சி அலுவலகத்துக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தார் வந்து, விசாரணை முடியும்வரை என்று சொல்லி லாண்டரியைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியை குழுவை மேடைக்கு அழைத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் சயின்ஸ் சார் மைக்கை வாங்கினார். "இந்த வேலைக்குப் பின்னால ஒருத்தங்க இருக்காங்க. பாட்டில் சுத்தமா இல்லேன்னா எங்க கணக்கு எதுவும் நிக்காது. லேப் அக்கா, மேல வாங்க!"

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே ஏறினாள். எண்ணூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். சாயந்திரம் வீட்டுக்காரரிடம் அதை மூன்று தடவை சொன்னாள். அவர், "அடுத்த எலெக்‌ஷன்ல நின்னுடு, பஸ்ல நானே ஓட்டு கேக்கறேன்" என்றார்.

அந்தக் கைதட்டல்தான் அவளுக்கு ஆசையைக் கிளப்பியது. புதன்கிழமை, ஆறாம் வகுப்புக்குச் செய்து காட்ட நான்கு பாட்டிலிலும் வடித்த தண்ணீர் நிரப்பி வைக்கச் சொல்லியிருந்தார் சார். மருந்துக்கடையில் விற்கிற, ஒன்றுமே கலக்காத தண்ணீர். நிரப்பினாள். அறையில் யாரும் இல்லை. நூறு தடவை பார்த்த சோதனைதானே, நாமும் ஒரு தடவை செய்து பார்த்தால் என்ன? மஞ்சள் நூல் கட்டிய பாட்டிலைக் கையில் எடுத்தாள், அதுதான் அவளுக்குச் செல்லம். மூடியோடு குலுக்கினாள், குழாயில் ஊற்றினாள், ஒரு பொட்டலம் பொடியைக் கொட்டினாள்.

தண்ணீர் நீலமாயிற்று.

முதலில் தன் கைதான் கோளாறு என்று நினைத்தாள். ஒன்றாம் நம்பரை எடுத்துச் செய்தாள். நிறம் மாறவில்லை. மறுபடி மூன்று. நீலம். அதே பேனா மை நீலம். ஓடைத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை, லாண்டரி ஒரு சொட்டு இல்லை.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே, ஒழுகாமல் இருக்க ஒரு வட்டப் பஞ்சு வைத்திருக்கும். கட்டை விரலால் அதை அழுத்தினாள். விரலோரமாகச் சின்னதாய் ஒரு நுரை எட்டிப் பார்த்தது.

பாட்டிலை அலசினாள், பிரஷ் விட்டாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பஞ்சு குடித்து வைத்திருந்ததை யார் பார்த்தது? பிள்ளைகள் குலுக்கக் குலுக்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கியிருக்கிறது. ஆறு வெள்ளிக்கிழமையும்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்போது அவள் செய்த காரியத்தை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் குமைந்தாள். கழுவியது அறியாமல் நடந்தது என்றாவது சொல்லலாம். இது அறிந்தே செய்தது. நீலத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். அந்த மூடியைக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். அலமாரியிலிருந்து புது மூடி ஒன்றை எடுத்து மூன்றாம் நம்பருக்குத் திருகினாள். பாட்டிலை வெந்நீரில் பத்துத் தண்ணீர் அலசினாள்.

உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். இனிமேல் நீலம் வராது. வராவிட்டால், ஓடை நன்றாகிவிட்டது, லாண்டரியைத் திறந்துவிடுங்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். ஆண்டவனே, இதை இப்படியே முடித்துவிடு.

அவள் வாழ்க்கையில் செய்த வேண்டுதல்களிலேயே கேவலமானது அதுதான்.

வெள்ளிக்கிழமை குழு ஓடைக்குப் போய் வந்தது. அக்கா தொட்டியோரம் நின்று ஒரே குவளையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜட்ஜம்மா மூன்றாம் நம்பரைக் குலுக்கினாள், ஊற்றினாள், பொடியைக் கொட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஒண்ணுமே இல்ல!" என்று ஒரு பையன் கத்தினான்.

"பார்த்தீங்களா சார்!" ஜட்ஜம்மா துள்ளினாள். "லாண்டரியை மூடி நாலு நாள்தான் ஆச்சு. ஓடை சுத்தமாயிடுச்சு! இனி யாராவது இல்லேன்னு சொல்லட்டும்!"

பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள். சார் முகம் பூவாய் மலர்ந்தது. "இதைவிடச் சாட்சி வேணுமா? அலுவலகத்துக்கு எழுதிடலாம். திரும்பத் திறக்கவே கூடாதுன்னு எழுதிடலாம். திங்கட்கிழமை எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

அக்கா கையிலிருந்த குவளை தொட்டிக்குள் நழுவி உடைந்தது. பதினாறு வருஷத்தில் அவள் உடைத்த முதல் குவளை.

"விடுங்கக்கா, நல்ல சகுனம்னு வெச்சுக்கலாம்" என்று சார் சிரித்தார்.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் கைக்குட்டையைப் பிரித்து மூடியை அவர் முன்னால் வைத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையில் ஒரு பொத்தானைப் போட்டுவிட்டு அடுத்ததைப் போடாமல் கேட்டார்.

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. இன்னும் நாலு வருஷத்துல உனக்கு ஓய்வு. இத்தனை வருஷம் கழுவினதை ஒரு மூடிக்காக அழிச்சுக்காதே."

"அண்ணன் லாண்டரி..."

"அலுவலகத்துலேர்ந்து அவங்களா ஒருநாள் வந்து தண்ணி எடுத்துப் பார்ப்பாங்க. ஒண்ணும் இல்லேன்னா திறந்துடுவாங்க. அதுக்கு நீ எதுக்கு நடுவுல போய் விழறே?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். கிண்டல் இல்லாத குரலில், "மேடையில ஏத்தினாங்கன்னு சொன்னியே, அதுக்காகவும்தான் சொல்றேன்" என்றார்.

மறுநாள் வழிபாட்டில் அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். லாண்டரி அண்ணி தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"என்ன, எங்களோட உக்காந்தா உனக்கும் அழுக்கு ஒட்டிக்கும்னு பின்னால வந்துட்டியா?" என்று கிசுகிசுத்தாள். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன். பிள்ளைங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அதுங்க கண்ணுல பட்டதைச் சொல்லுதுங்க. இவருதான் சரியா சாப்பிடறதில்ல. வேலைக்கு வர்ற பொண்ணுங்க ரெண்டும் வீட்டுல உக்காந்திருக்கு. புதன்கிழமைக்குள்ள திறக்கலேன்னா விரிப்பெல்லாம் பக்கத்து ஊருக்குக் கொடுத்துடுவோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நீ எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்கோ. உன் வேண்டுதல் பலிக்கும்."

அக்கா தலையை ஆட்டினாள். வாய் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் போலிருந்தது, ஆனால் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டுதல் எதுவும் வரவில்லை. அண்ணியின் கை தன் கைமேல் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டால் தேவலை என்று மட்டும் தோன்றியது. எடுக்கச் சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

திங்கட்கிழமை மதியம் குழு கூடத்தில் கூடியது. சார் மேஜைமேல் கடிதத்தை விரித்தார். ஜட்ஜம்மா பேனாவைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அக்கா.

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். எல்லோரும் பார்க்க, வடித்த தண்ணீர்ப் புட்டி ஒன்றின் முத்திரையை உடைத்து மூன்றாம் நம்பர் பாட்டிலில் ஊற்றினாள். பழைய மூடியைத் திருகினாள். குலுக்கினாள். குழாயில் ஊற்றிப் பொடியைக் கொட்டினாள், பாதி மேஜையில் சிந்தியது. மீதி போதுமானதாக இருந்தது.

குழாயில் தண்ணீர் நீலமாயிற்று.

"இது... வடிச்ச தண்ணிதானே?" என்றாள் ஜட்ஜம்மா.

"ஆமா கண்ணு. சோப்பு மூடிப் பஞ்சுல இருக்கு. மூணு மாசமா நான்தான் சோப்புப் போட்டு ஊறவெச்சேன். வெள்ளிக்கிழமை நீலம் வராம இருந்ததும் லாண்டரியை மூடினதால இல்ல. புதன்கிழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூடியை மாத்தி வெச்சுட்டு, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். வடித்த தண்ணீரை வைத்துப் பாட்டில்களை அவ்வப்போது சோதித்திருக்க வேண்டியது அவர் வேலை. முதல் வருஷம் செய்தார். அப்புறம் விட்டுவிட்டார். அது அவருக்கு நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது.

ஜட்ஜம்மா கண்ணில் தண்ணீர் முட்டியது, கோபத் தண்ணீர். அலமாரியைக் கை நீட்டிக் காட்டினாள். "அங்க எழுதி ஒட்டியிருக்கே அக்கா! அதைப் படிக்கவே இல்லையா நீங்க?"

"ஏய், சும்மா இரு" என்று சார் அதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கா பக்கம் பார்க்காமல் சொன்னார். "அவங்க அவ்வளவா படிச்சவங்க இல்ல. தாளை ஒட்டிட்டு நான் வாயாலயும் சொல்லியிருக்கணும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல மனிதர். அவளுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். அதன் வழியாக அவள் தலை குனிந்து போயிருக்கலாம். படிக்காத பெண், பாவம் என்று எல்லோரும் விட்டிருப்பார்கள். வேலையும் இருக்கும், பேரும் கொஞ்சம் மிஞ்சும்.

"படிச்சேன் சார்" என்றாள் அக்கா. "ரெண்டு தடவை படிச்சேன். எனக்கில்லேன்னு நெனச்சேன்."

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எண்ணூறு பேர் கைதட்டியபோதுகூட அவளுக்கு இப்படி உடம்பெல்லாம் சுட்டதில்லை.

பூச்சிதான் முதலில் அசைந்தாள். தன் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பி, "மூணுல எல்லாத் தடவையும் நல்ல பூச்சி இருந்துச்சு. நான் எழுதியிருக்கேன்" என்றாள். குரலில் வெற்றி இல்லை, அழுகைதான் இருந்தது. ஜட்ஜம்மா அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அந்தக் கடிதம் கிழிக்கப்பட்டது. இன்னொன்று எழுதப்பட்டது. எங்கள் மூன்று மாத முடிவுகள் தவறானவை, தவறு எங்களுடையது என்று. தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "மேடையில வேற ஏத்திட்டோமே" என்றார். அவ்வளவுதான். அக்காவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் ஓடைப் பாட்டில்கள் இனிமேல் பிள்ளைகள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அது நியாயம் என்று அக்காவுக்கும் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை இருந்தது, அதில் ஒரு பகுதியை இனி அவளை நம்பிக் கொடுக்க முடியாது.

அன்று மாலையே சாரும் ஜட்ஜம்மாவும் அவளும் லாண்டரிக்குப் போனார்கள். அண்ணன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டு முடித்தவர், முதலில் ஜட்ஜம்மாவைத்தான் பார்த்தார்.

"படத்துல சிவப்புப் புள்ளி வெச்சது நீதானாம்மா?"

"ஆமாங்க."

"வெக்கறதுக்கு முன்னால ஒரு தடவை உள்ள வந்து கேட்டிருக்கலாமே. தண்ணி எங்க போகுதுன்னு நானே காட்டியிருப்பேனே. பின்னால மூணு குழி வெட்டி வெச்சிருக்கேன். ஒண்ணுல தேங்கி, இன்னொண்ணுல வடிஞ்சு, அப்புறம்தான் போகுது. என் சொந்தச் செலவுல வெட்டினது. நீங்க மூணு மாசம் கீழ வந்து தண்ணி மொண்டீங்க, நான் மேல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். பிள்ளைங்க படிக்குதுங்கன்னு சந்தோஷப்பட்டேன்."

ஜட்ஜம்மாவிடம் தீர்ப்பு எதுவும் இல்லை. கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். அக்காவை நேராகப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. நேத்து என் பக்கத்துல உக்காந்திருந்தியே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"எனக்காக வேண்டிக்கோன்னு உன் கையைப் பிடிச்சேனே."

அண்ணி ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம். உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன்தான் எழுந்து நின்று சொன்னார். "வீடு வீடாப் போய்ச் சொன்னீங்கல்ல? அதே மாதிரி வீடு வீடாப் போய் இல்லேன்னு சொல்லுங்க. வேற எதுவும் எனக்கு வேணாம்."

அலுவலகம் புதன்கிழமை மாலைதான் பூட்டைத் திறந்தது. அதற்குள் ஆஸ்பத்திரி விரிப்பில் பாதி பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமையிலிருந்து குழு மறுபடி தெருவில் இறங்கியது. புது நோட்டீஸோடு. அக்கா தானும் வருவதாகச் சொன்னாள். "நீங்க வேணாங்கா" என்றார் சார். "நான்தான் சார் சொல்லணும்" என்றாள். வீட்டுக்காரர் அன்று காலை, தேய்ந்துபோன அவள் செருப்புக்குப் பதில் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஒவ்வொரு வாசலிலும் ஜட்ஜம்மா நோட்டீஸை நீட்டுவாள், பூச்சி நோட்டில் வீட்டு நம்பரை எழுதுவாள், அக்கா சொல்லுவாள். "லாண்டரி மேல தப்பு இல்லீங்க. பாட்டிலைக் கழுவினது நான். சோப்பு தங்கிடுச்சு." பத்தாவது வீட்டுக்குள் பழகிவிடும் என்று நினைத்திருந்தாள். முப்பதாவது வீட்டிலும் வாய் உலர்ந்தது. சிலர் சரி சரி என்று வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், "அதான, அந்த ஆளு அப்படிப்பட்டவர் இல்லைன்னு அப்பவே சொன்னேன்" என்றார். இன்னொருவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "மேடையில ஏத்தினாங்களே, அந்த அம்மா தானே நீங்க? எம் பொண்ணு வந்து சொன்னா" என்றார். அதற்கு மட்டும் அவள் ஆமாம் என்று சொல்ல நேரம் பிடித்தது.

மூன்றாவது தெருவின் கடைசி வீட்டில், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள். அக்கா தன் மூன்று வாக்கியத்தைச் சொன்னாள்.

"எந்த லாண்டரி?" என்றாள் அந்தப் பெண். "என்ன பாட்டில்? எனக்கு ஒண்ணும் தெரியாதே. நாங்க குடி வந்தே பத்து நாள்தான் ஆகுது."

ஜட்ஜம்மா அக்காவின் முந்தானையை மெல்ல இழுத்தாள். "வாங்கக்கா, போலாம். இவங்களுக்குத்தான் எதுவுமே தெரியாதே. சொல்ல வேண்டியதில்ல."

அக்கா திரும்பி இரண்டு படி இறங்கினாள். அங்கிருந்து பார்த்தால் தெருக்கோடியில் லாண்டரியின் தகரக் கூரை தெரிந்தது. புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது, முன்னைவிடக் கொஞ்சமாக. பத்து நாளாக இந்தத் தெருவில் குடியிருக்கிறவள். நாளைக்குக் குழாயடியில் யாராவது பழைய கதையைப் பாதியாகச் சொன்னால்?

அவள் திரும்ப ஏறினாள்.

"உங்களுக்கு வேலை இருந்தா நான் அப்புறம் வர்றேம்மா" என்றாள்.

"இல்ல, சொல்லுங்க."

"நான் பள்ளிக்கூடத்துல பாட்டில் கழுவறவ" என்று அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.